டிராம் சர்வேக்கு வந்த அக்கா

செம்பாக்கத்தில் நாங்கள் குடிபோன முதல் வாரமே கீழ்வீட்டு அக்காவைப் பற்றி எனக்கு எச்சரிக்கை வந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் வங்கியில் வேலை பார்ப்பவர், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"சார், நல்ல காரியத்துக்குக் கிளம்பினா மாடிப்படியில சத்தமில்லாம எறங்குங்க. கீழ உங்க ஹவுஸ் ஓனரம்மா காதுல விழுந்தா போச்சு."

விஷயம் இதுதான். அக்கா யாரைப் பார்த்தாலும், "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டுவிடுவார். வெளியே கிளம்புகிறவரை அப்படிக் கேட்டால் போகிற காரியம் விளங்காது என்று நம்புகிறவர்கள் நிறைந்த தெரு அது. மாட்டிக்கொண்டவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வீட்டுக்குள் திரும்புவார்கள். ஒரு நிமிடம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வெளியே வருவார்கள். அக்கா அதே இடத்தில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "இன்னும் போகலையா? எங்க?"

அக்காவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியை எப்போதும் தலைமேல் ஏற்றி வைத்திருப்பார். பிள்ளைகள் இல்லை. கணவர் விபத்தில் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைப் புடவையும் பைபிளுமாகச் சர்ச்சுக்குக் கிளம்புவார். வழியில் எத்தனை பேரைக் கேட்க வேண்டியிருக்கிறதோ, அதைப் பொறுத்து நேரத்துக்கோ நேரம் கழித்தோ போய்ச் சேருவார்.

வம்புக்குக் கேட்கிறார் என்றுதான் நானும் என் மனைவியும் முதலில் நினைத்தோம். ஆனால் ஒருவர் சொன்னதை அவர் இன்னொருவரிடம் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை. எங்கே என்று கேட்பார், பிறகு எதுக்கு என்று கேட்பார். பதில் வந்ததும், சாப்பிட்டு முடித்தவர் மாதிரி ஒரு நிறைவு முகத்தில் தெரியும். "சரி, பாத்துப் போய்ட்டு வாங்க." அவ்வளவுதான்.

தாம்பரம் லைனில் ஒரு ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்ட்டரில் வெகுகாலம் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கியவர் அவர். "அங்கே கேட்டுக் கேட்டுப் பழகிடுச்சா அக்கா?" என்று ஒருநாள் என் மனைவி சிரித்தாள்.

"அட போம்மா. அங்க ஊர் பேரு மட்டும்தான் சொல்வாங்க. கிண்டி ஒண்ணு, எக்மோர் ரெண்டு. எதுக்குன்னு நான் கேக்கறதுக்குள்ள பின்னாடி க்யூவுல கத்துவான். பாதிக் கதையாவே கேட்டுக்கிட்டு இருந்தேன் அத்தனை வருஷமும்."

நான் அப்போது போக்குவரத்துத் திட்டங்களுக்கு ஆய்வு செய்து கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் இருந்தேன். மெட்ராஸில் ஒரு காலத்தில் ஓடி, நின்று, தண்டவாளத்தையும் பெயர்த்தெடுத்துவிட்ட டிராம், புதிய உருவத்தில் திரும்பி வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது அந்தச் சமயத்தில்தான். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரை, எங்கள் வீட்டு வாசல் வழியாகவே அது போகக்கூடும் என்றார்கள். டிராம் வந்தால் ரோட்டை ஒட்டிப் புதிய கட்டடங்கள், கடைகள், நடைபாதைகள் என்று இந்தப் பக்கமே மாறிவிடும் என்று செய்தித்தாள்கள் எழுதின. அதற்கெல்லாம் முன்னால் ஒரு சர்வே வேண்டும். பஸ் ஸ்டாப்பிலும் சிக்னலிலும் நின்று, போகிற வருகிறவர்களைக் கேட்க வேண்டும். எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், எதற்கு?

இந்த வேலைக்கு ஆள் கிடைப்பது பெரிய பாடு. கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள், வெயில் ஏறியதும் காணாமல் போவார்கள். முன்பின் தெரியாதவரை நிறுத்திக் கேட்கக் கூச்சப்படுவார்கள். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது இதை நான் புலம்ப, என் மனைவி கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் தோன்றியது.

மறுநாள் காலை கீழே போய் விஷயத்தைச் சொன்னேன். அக்கா தலைமேல் இருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"கேக்கறதுதான் வேலையா?"

"ஆமாக்கா."

"யாரும் திட்ட மாட்டாங்களா?"

"திட்டலாம். ஆனா உங்க கழுத்துல ஐடி கார்டு இருக்கும்."

ஆரஞ்சு நிற மேல்சட்டையைப் புடவைமேல் மாட்டிக்கொண்டு, கையில் டேப்லெட்டோடு அக்கா கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பில் நின்ற காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. மற்றவர்கள் கெஞ்சிக் கூத்தாடி ஒருவரை நிறுத்துவதற்குள் அக்காவைச் சுற்றி நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கு வேண்டியதெல்லாம் வேலை, படிப்பு, மருத்துவமனை, கடை, மற்றவை என்று ஐந்தில் ஒன்று. அக்கா பெரும்பாலும் 'மற்றவை'யைத்தான் தொடுவார். பக்கத்தில் விளக்கம் எழுத ஒரு சின்னக் கட்டம் இருந்தது. அதில் யாரும் எதுவும் எழுதியதில்லை. அக்கா எழுதினார்.

'மகன் வீட்டோடு பேச்சு இல்லை. பேத்தி ஸ்கூல் விடும் நேரத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு வருகிறார்.' 'ஜவுளிக்கடை வேலை. முதலாளி உட்கார விடுவதில்லை. உட்கார்ந்து வர வேண்டும் என்பதற்காக எதிர்த்திசையில் தாம்பரம் போய், பஸ் கிளம்பும் இடத்தில் ஏறுகிறாள்.' 'திருநீர்மலை. சாமி கும்பிட இல்லை. பாதிப் படியில் உட்கார்ந்தால் ஊரெல்லாம் தெரிகிறதாம்.'

ஆபீஸிலிருந்து மேனேஜர் போன் செய்தார். "யாருப்பா அது? நான் டேட்டா கேட்டா கதை எழுதி அனுப்பறாங்க!" எழுத வேண்டாம் என்று சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். அக்கா ஒருநாள் எழுதாமல் இருந்தார். அன்று சாயந்திரம் மேனேஜரே மறுபடி கூப்பிட்டு, கொஞ்சம் தயங்கி, "இன்னிக்கு ஏன் ஒண்ணும் வரல?" என்றார். மதியச் சாப்பாட்டில் எல்லோரும் சேர்ந்து படிக்கிறார்களாம். அறிக்கையில் அதெல்லாம் 'மற்றவை' என்ற ஒரே சொல்லாகத்தான் போகும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்காவிடம் நான் அதைச் சொல்லவில்லை.

சர்வேயின் இரண்டாவது வாரத்தில் மேடவாக்கத்தில் நின்றிருந்தோம். அக்கா என்னிடம் வேகமாக வந்து டேப்லெட்டை நீட்டினார்.

"தம்பி, இதுல தெரியலன்னு போட இடம் இல்லையே."

"என்ன தெரியலக்கா?"

"அந்தப் பொண்ணுக்கு எங்க போறதுன்னு தெரியல."

நிழற்குடையின் ஓரத்தில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பெண்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. காலடியில் துணிப்பை. கன்னத்தின் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. காலையிலிருந்து வருகிற பஸ்ஸில் ஏறிக் கடைசி ஸ்டாப் வரை போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் ஏறி, இப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறாளாம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் ஓடினால் குழந்தை அழாமல் தூங்குகிறது என்றாளாம்.

"அந்த என்ட்ரிய விட்டுடுங்க அக்கா, அடுத்த ஆளைப் பாருங்க" என்றேன். அப்படிச் சொல்வதுதான் என் வேலை. அக்கா மேல்சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்தார். ஐடி கார்டையும் அதன்மேல் வைத்தார். அந்தப் பெண்ணின் பையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினார்.

கீழ்வீட்டு முன்னறையில் அந்தப் பெண் கொஞ்ச நாள் இருந்தாள். கீழ்க்கட்டளையில் கட்டிக்கொடுத்த பெண். சொந்த ஊர் செய்யாறு பக்கம், அங்கே ஓர் அண்ணன். அவனிடம் அக்கா தொலைபேசியில் பேசிப் பேசி, கடைசியில் அவன் நேரில் வந்து தங்கையையும் குழந்தையையும் அழைத்துப் போனான். அதற்கு மறுநாள் அவள் புருஷன் எப்படியோ விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். தெருவே வேடிக்கை பார்க்க, கேட்டை உலுக்கினான்.

"எங்க அவ? எங்க போனா? சொல்லு!"

அக்கா வெளியே வந்தார். எல்லோரையும் எங்கே எங்கே என்று கேட்கிறவர், அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியும். சொல்ல மாட்டேன்."

அவன் என்னென்னவோ கத்தினான். அக்கா கேட்டின் உள்தாழ்ப்பாளைப் பிடித்த கையை எடுக்கவில்லை. நான் மாடியிலிருந்து ஓடி வந்தேன். எதிர்வீட்டுக்காரரும் வந்தார். அவன் போன பிறகு பார்த்தேன், தாழ்ப்பாளை அழுத்திய இடத்தில் அக்காவின் உள்ளங்கை சிவந்து கன்றிப்போயிருந்தது.

சர்வே முடிந்தது. சில மாதங்கள் கழித்து, பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மக்களிடம் கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டார்கள். திரையில் பெரிய படம் காட்டினார்கள். பச்சைப் புல்வெளி நடுவே தண்டவாளம், அதில் கண்ணாடி மாளிகை மாதிரி ஒரு டிராம். இரண்டு பக்கமும் உயர்ந்த கட்டடங்கள், நிழல் மரங்கள். எங்கள் ரோடு என்று சொன்னால்தான் தெரியும். சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். யார் வீட்டு முன்பக்கம் போகும்? கார் எங்கே நிறுத்துவது?

அக்கா எழுந்து திரையைக் காட்டினார். "சார், அந்தப் படத்துல குடை பிடிச்சிக்கிட்டு ஒரு அம்மா நிக்கறாங்களே, அவங்க எங்க போறாங்க?"

மண்டபமே சிரித்தது. பேசிக்கொண்டிருந்த அதிகாரியும் சிரித்துவிட்டார். "மேடம், அது கம்ப்யூட்டர்ல சும்மா போட்ட ஆளுங்க."

"அப்படியா? சரி சார். அந்த அம்மா டிராம்ல எறங்கி வேங்கைவாசல் உள்ள போகணும்னா எதுல போவாங்க? படத்துல ஒரு ஷேர் ஆட்டோ கூட இல்லையே."

அப்படிக் கேட்கச் சொன்னதே கடைசி வரிசையில் நின்றிருந்த ஒரு ஷேர் ஆட்டோ டிரைவர்தான். உள்ளே வரும்போது அவர் அக்காவிடம், "யக்கா, டிராம் வந்துச்சுன்னா எங்க பொயப்பு இன்னா ஆவும்? நீ கேளு, நான் கேட்டா குந்துன்னு சொல்லிடுவாங்க" என்று கெஞ்சியது எனக்கும் கேட்டது. அதிகாரி குறித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் அதே படத்தின் ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றிருந்தது. உள்ளே டிரைவரைத்தான் காணவில்லை.

அதன்பிறகுதான் அக்காவுக்குக் கஷ்டகாலம் வந்தது. டிராம் வேண்டாம் என்று சங்கம் ஒரு மனு தயார் செய்தது. ரோட்டை அகலப்படுத்தினால் எங்கள் வரிசை வீடுகளின் முன்பக்கம் இடிபடும் என்று பயம். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா மறுத்துவிட்டார்.

"உங்க வீடும்தானே போகும்?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"போகும். ஆனா அந்த பஸ் ஸ்டாப்புல நிக்கறவங்க கிட்ட அத்தனை நாள் கேட்டுட்டு, இப்ப இதுல எப்படி சார் கையெழுத்துப் போடுவேன்?"

தெரு அவரோடு பேசுவதை நிறுத்தியது. அந்த வருடம் கொலுவுக்கு யாரும் கூப்பிடவில்லை. அக்கா வழக்கம்போல் கேட்டில் நின்று கேட்பார். தெருக்காரர்கள் காதில் விழாததுபோல் போவார்கள். முகம் சுளித்து வீட்டுக்குள் திரும்பித் தண்ணீர் குடித்தவர்களே தேவலை என்று ஆகிவிட்டது. சில நாட்களில் அவர் கேட்டுக்கு வருவதே குறைந்தது. மாலையில் என் மனைவி வேண்டுமென்றே கீழே இறங்கி, "அக்கா, நான் காய் வாங்கப் போறேன். சேலையூர் மார்க்கெட். முருங்கைக்காய் வாங்கணும்" என்று தானாகவே ஒப்பித்துவிட்டுப் போவாள்.

நிலைமையை மாற்றியது டிராம் அல்ல, டிராம் வரும் என்ற பேச்சுதான். ஒரு பில்டர் வந்தார். எங்கள் வரிசையில் நாலு வீட்டையும் சேர்த்து இடித்து அடுக்குமாடி கட்டித் தருவதாகச் சொன்னார். 'டிராம் ஸ்டாப் எதிரில்' என்று விளம்பரமே தயாராக வைத்திருந்தார். மனுவில் கையெழுத்துப் போட்ட மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் இதற்கு உடனே சம்மதித்தார்கள். ஆனால் நாலு பேரும் சேர்ந்தால்தான் நடக்கும். மூவருக்காகப் பேச, சங்கச் செயலாளரான எதிர்வீட்டுக்காரர்தான் பில்டரோடு அக்காவிடம் வந்தார். தலையைக் குனிந்துகொண்டு வந்தார். பழிவாங்குவார் என்று பயந்திருப்பார்.

அக்கா பில்டரிடம், "எத்தனை குடும்பம் சார் வரும்?" என்றார்.

அவர் சொன்னார்.

"அவ்வளவு பேரா!" அக்காவின் முகம் மலர்ந்தது. "எல்லாரும் இந்த வாசல் வழியாதானே போவாங்க?"

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மற்றவர்களெல்லாம் சத்தம் இல்லாத பின்பக்க வீட்டுக்கு அடித்துக்கொண்டபோது, தனக்கு ரோட்டைப் பார்த்த முதல் மாடி வேண்டும் என்றார். பில்டருக்குப் புரியவே இல்லை. "மேடம், அங்க தூசி, ஹார்ன் சத்தம். அதுவும் ஃபர்ஸ்ட் ஃப்ளோர்." "ஆமா சார், அதுக்கு மேல போனா நான் கேக்கறது கீழ யார் காதுலயும் விழாது."

டிராம் இன்றுவரை வரவில்லை. அறிக்கைகள் போகின்றன, வருகின்றன. அடுக்குமாடி வந்துவிட்டது. அக்கா முதல் மாடியில்தான் இருக்கிறார் என்று கேள்வி. நாங்கள் கோயம்புத்தூருக்கு மாற்றலாகி வந்துவிட்டோம். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பழைய வீட்டைக் காலி செய்வதற்கு முந்தைய நாள்தான்.

சாமான்களை எல்லாம் கட்டி வைத்தாகிவிட்டது. மதியம் அக்கா மாடிக்கு வந்து, "தம்பி, வண்டியில என்னை ஓரிடத்துக்குக் கூட்டிட்டுப் போறியா? வண்டலூர் தாண்டிப் போகணும்" என்றார். இவ்வளவு நாளில் அவர் தனக்காக எங்கேயும் கிளம்பி நான் பார்த்ததில்லை. சர்ச், ரேஷன் கடை, சர்வே. அவ்வளவுதான்.

ஜிஎஸ்டி ரோட்டில் பெருங்களத்தூர், வண்டலூர் எல்லாம் தாண்டி, ஊரப்பாக்கத்துக்கு அப்பால் ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். அங்கே குறிப்பாக ஒன்றும் இல்லை. டயர் கடை ஒன்று, மூடிக்கிடந்த ஒரு ஹோட்டல். அக்கா இறங்கிப் போய் ரோட்டோரத்தில் நின்றார். லாரிகள் போகிற காற்றில் புடவைத் தலைப்பு பறந்தது. கையால் பிடித்துக்கொண்டார்.

"இங்கதான்னு போலீஸ் சொன்னாங்க. நான் வந்து பாத்ததில்ல."

அவர் கணவரைத்தான் சொல்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"அவருக்குக் கிண்டியில வேலை தம்பி. வடக்கால போகவேண்டிய மனுஷன். தெற்கால இவ்வளவு தூரம் எதுக்கு வந்தார்னு யாருக்கும் தெரியல. கம்பெனில லீவு சொல்லல. கூட்டாளிங்களைக் கேட்டேன், அண்ணன் தம்பிங்களைக் கேட்டேன். தெரியல, தெரியல. மனை பாக்கப் போயிருப்பார்னு ஒருத்தர். வேற பொம்பளைன்னு ஒருத்தி."

"நீங்க என்னக்கா நெனச்சீங்க?"

"ஒவ்வொரு வருஷமும் ஒண்ணு நெனைப்பேன்." லேசாகச் சிரித்தார். "அன்னிக்குக் காலையில நான் கேக்கல தம்பி. தெனமும் கேப்பேன். தெரிஞ்ச இடம்தான், இருந்தாலும் கேப்பேன். அதுக்கு முந்தின நாள் அவருக்குக் கோவம் வந்துடுச்சு. டிக்கெட் கவுன்ட்டர்ல நிக்கற மாதிரியே இருக்குடி உன் முன்னாடின்னுட்டார். சரிதான்னு நானும் வீம்பா வாயை மூடிக்கிட்டேன். ஷூ போட்டார். வாசல்ல கொஞ்ச நேரம் நின்னார். அப்புறம் போய்ட்டார்."

வெயில் தார்மேல் நெளிந்தது. டயர் கடைக்காரர் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, "உக்காருங்கம்மா" என்றார். அக்கா உட்காரவில்லை. அவருக்கு வணக்கம் மட்டும் சொன்னார். ரோடு போகிற பக்கம், தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க தம்பி போகுது?"

"கூடுவாஞ்சேரி, மறைமலை நகர். அப்புறம் செங்கல்பட்டு. அங்க ரோட்டை ஒட்டியே பெரிய ஏரி இருக்குக்கா."

"அவர் அது வரைக்கும் போகலையே."

அக்கா வந்து வண்டியின் பின்னால் ஏறிக்கொண்டார். நான் திரும்புவதற்காக யூ-டர்ன் எங்கே என்று பார்த்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினேன். அவர் என் தோளைத் தட்டினார்.

"பெட்ரோல் இருக்கா?"

"இருக்குக்கா."

"அப்ப நேராவே போ."

கூடுவாஞ்சேரி போயிற்று, சிங்கப்பெருமாள் கோயில் போயிற்று. செங்கல்பட்டு நெருங்கியதும் இடதுபக்கம் முழுக்கத் தண்ணீராக விரிந்தது. வேகத்தைக் குறைத்தேன். பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. என்னிடம் சொன்னதுபோல் இல்லை.

"இவ்வளவு தண்ணியா!"